இன்டர்வியூவில் எதிரே இருப்பவர் சிடுசிடுத்தால்...

“ம்... அப்புறம்?”

நீங்கள் சொல்லிக்கொண்டிருந்தது பாதியில் நிற்கிறது. அவர் கண் போனில் இருக்கிறது. ரெஸ்யூமேயை ஒரு புரட்டுப் புரட்டிவிட்டு, “இந்த ப்ராஜெக்ட் நீங்களே செஞ்சதா, இல்ல காசு கொடுத்து வாங்குனதா?” என்று கேட்கிறார்.

கல்லூரியில் நடத்தும் மாதிரி நேர்காணலில் யாரும் இப்படிக் கேட்பதில்லை. அங்கே தெரிந்த ஆசிரியர், தெரிந்த கேள்வி, சிரித்த முகம். அதனால் முதல் நிஜ இன்டர்வியூவில் ஒரு கடுத்த முகம் எதிரே வந்தால் பல ஃப்ரெஷர்களுக்குத் தெரிந்த பதிலும் தொண்டையில் சிக்கிக்கொள்கிறது. சிலர் வாயடைத்துப் போகிறார்கள். சிலர் ரோஷப்பட்டு வாதத்தில் இறங்குகிறார்கள். இரண்டு வகையிலும் வேலை போவது பாடம் தெரியாததால் அல்ல. கேள்வியை விட்டுவிட்டு, கேட்டவரின் தொனிக்குப் பதில் சொல்லப் போனதால்.

எவ்வளவு எரிச்சலாகக் கேட்டாலும் அதற்குள் பெரும்பாலும் ஒரு நேரான கேள்வி இருக்கும். “வாங்குனதா?” என்பதற்குள் இருப்பது, “இதில் உங்கள் பங்கு என்ன?” என்பதுதான். அதைப் பிரித்தெடுத்து அதற்கு மட்டும் பதில் சொல்லப் பழக வேண்டும். வாக்-இன் (முன்பதிவில்லாமல் நேராகப் போய்க் கலந்துகொள்வது), கேம்பஸ், மாவட்ட வேலைவாய்ப்பு முகாம் என்று எங்கே போனாலும் இது உதவும்.

முதலில், ஏன் சிடுசிடுக்கிறார்?

பெரும்பாலும் நேரமின்மைதான். வாக்-இன் நாளில் வெளியே வராந்தா நிறைய ஆட்கள் டோக்கனோடு உட்கார்ந்திருப்பார்கள். டெக்னிக்கல் ரவுண்டு எடுக்க வந்திருப்பவர் தன் சீட்டிலிருந்து இழுத்துவரப்பட்ட ஒரு டீம் லீடாக இருப்பார். அவருடைய வேலை அங்கே அப்படியே கிடக்கும். உங்கள் ரெஸ்யூமேயை அவர் பார்ப்பதே நீங்கள் நாற்காலியில் உட்காரும் அந்த நிமிடத்தில்தான். இப்படிப்பட்டவர் உங்கள் பதில் சுருங்கினால் தானாகவே இறங்கி வருவார். இரண்டு மூன்று நறுக்கென்ற பதிலுக்குப் பிறகு குரல் மாறிவிடும்.

இரண்டாவது வகை, வேண்டுமென்றே சீண்டிப் பார்ப்பது. சேல்ஸ், கடன் வசூல், கால் சென்டர் வேலைகளுக்கு இது சகஜம். கோபத்தில் கத்தும் வாடிக்கையாளரிடம் தினமும் பேச வேண்டிய வேலை. நீங்கள் எப்படித் தாங்குகிறீர்கள் என்று பார்க்கிறார்கள். இதை அடையாளம் காண ஒரு வழி உண்டு. சீண்டல் வேலையைச் சுற்றியே இருக்கும், நீங்கள் சொன்ன பதிலிலிருந்தே அடுத்த கேள்வி பிறக்கும், பக்கத்தில் இருக்கும் பேனல் உறுப்பினர் அமைதியாகக் குறிப்பெடுத்துக்கொண்டிருப்பார்.

மூன்றாவது, அவர் சுபாவமே அப்படி. உங்கள் ஊர், உடை, உச்சரிப்பு, குடும்பம் என்று வேலைக்குச் சம்பந்தமில்லாத பக்கம் போவார். நீங்கள் எவ்வளவு சுருக்கமாக, பணிவாகப் பேசினாலும் அவர் மாற மாட்டார். அவரைத் திருத்துவது உங்கள் வேலை இல்லை.

உள்ளே இருக்கும்போது இது எந்த வகை என்று தீர்ப்புச் சொல்லத் தேவையில்லை. முதல் ஐந்து நிமிடம் எல்லோரையும் முதல் வகையாகவே வைத்துக்கொள்ளுங்கள். இரண்டாம் வகையாக இருந்தாலும் அதே பதில்தான் எடுபடும்.

போவதற்கு முன்பு

சுய அறிமுகத்தை இரண்டு அளவில் தயார் செய்யுங்கள்: ஒன்று 60 நொடி, இன்னொன்று 20 நொடி. பலரிடம் முதலாவது மட்டும்தான் இருக்கிறது, அதுவும் மனப்பாடமாக. மனப்பாடத்தில் ஒரு ஆபத்து: நடுவில் வெட்டினால் எங்கே விட்டோம் என்று தெரியாமல், திரும்பவும் “மை நேம் இஸ்” என்று ஆரம்பித்துவிடுவீர்கள். 20 நொடி அறிமுகத்தில் மூன்று விஷயம் போதும்: என்ன படித்தீர்கள், கையால் என்ன செய்தீர்கள், இந்த வேலைக்கு அது எப்படிப் பொருந்தும். அப்பா என்ன வேலை, உடன்பிறந்தவர்கள் எத்தனை பேர் என்பதெல்லாம் கேட்டால் மட்டும்.

ரெஸ்யூமே மூன்று பிரதி எடுத்துப்போங்கள். “உங்க ரெஸ்யூமே எங்க? எனக்கு வரலையே” என்ற எரிச்சலோடு தொடங்கும் இன்டர்வியூக்கள் ஏராளம். ஃபைலைப் பிரித்துத் தேடிக்கொண்டிருக்காமல், மேலாக வைத்திருந்ததை எடுத்து நீட்டினால் அந்த எரிச்சல் அங்கேயே அடங்கிவிடும்.

பிறகு ஒத்திகை. இது மிக முக்கியம், பெரும்பாலானவர்கள் செய்யாததும் இதுதான். நண்பர் ஒருவரை எதிரே உட்கார வைத்து, அவர் வேண்டுமென்றே முகம் கொடுக்காமல் நடந்துகொள்ள வேண்டும் என்று சொல்லிவிடுங்கள். பத்து பத்து நிமிடமாக மூன்று சுற்று. முதல் சுற்றில் உங்கள் ஒவ்வொரு மூன்றாவது வாக்கியத்திலும் அவர் குறுக்கிட வேண்டும். இரண்டாவதில் போனையே பார்க்க வேண்டும். மூன்றாவதில் ஒவ்வொரு பதிலுக்கும் “இதெல்லாம் ஒரு பதிலா?” என்று கேட்க வேண்டும். போனில் பதிவு செய்து கேட்டுப்பாருங்கள். “ஆக்சுவலி”, “பேசிக்கலி” எத்தனை முறை வருகிறது, வேகம் எங்கே கூடுகிறது, குரல் எங்கே மேலே போகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். முதல் சுற்றில் இருவருக்கும் சிரிப்பு வரும். மூன்றாவதில் உண்மையாகவே கோபம் வரும். அந்தக் கோபத்தோடு பேசிப் பழகத்தான் இந்த ஒத்திகை.

அந்த முதல் சில நொடிகள்

சுருக்கென்று ஒரு சொல் விழுந்ததும் உடம்பு முந்திக்கொள்ளும். மூச்சு மேலோட்டமாகிவிடும், வாய் உலரும், பேச்சு ஓடத் தொடங்கும். வேகமாகப் பேசினால் எதிரே இருப்பவருக்கு நீங்கள் தடுமாறுவது தெரிந்துவிடும். அவசரத்தில் இருப்பவருக்கு அது இன்னும் எரிச்சல். எனவே இந்த வரிசையில் செய்யுங்கள்:

1. இரண்டு பாதமும் தரையில் முழுதாகப் பதியட்டும். காலை ஆட்டினால் மேசைக்கு மேலேயும் அது தெரியும்.
2. பேசுவதற்கு முன் மூச்சை வெளியே விடுங்கள். இழுத்துப் பிடித்துக்கொண்டு பேசினால் முதல் சொல்லே கீச்சென்று வரும்.
3. முதல் சொல்லைத் தாழ்ந்த குரலில், மெதுவாகத் தொடங்குங்கள். அதற்குப் பிறகு வருவதெல்லாம் அந்தச் சொல்லின் வேகத்திலேயே போகும்.
4. உடனே பதில் தோன்றவில்லையா? “ஒரு நிமிஷம் யோசிச்சுச் சொல்றேன் சார்” என்று கேட்டுவிட்டு ஐந்தாறு நொடி எடுத்துக்கொள்ளுங்கள். கேட்காமல் மேலே மோட்டுவளையைப் பார்த்துக்கொண்டிருந்தால்தான் “தெரியலையா?” என்று அடுத்த குத்து விழும்.

தண்ணீர் பாட்டில் வைத்திருந்தால் ஒரு வாய் குடிப்பதும் நல்லதே. அதற்கு யாரும் மதிப்பெண் குறைப்பதில்லை.

குறுக்கே பேசினால்

அடிக்கடி நடப்பது இது. ஒரு டேட்டாபேஸ் கேள்வியைக் கிட்டத்தில் வைத்துப் பார்ப்போம்.

“ஜாயின்னா என்ன?”

“சார், டேட்டாபேஸ்ல டேட்டாவைப் பல டேபிளாப் பிரிச்சு வைப்போம். அப்படிப் பிரிக்கிறதுக்குக் காரணம்...”

“கதை வேணாம். இன்னர் ஜாயினுக்கும் லெஃப்ட் ஜாயினுக்கும் என்ன வித்தியாசம்? அதைச் சொல்லுங்க.”

இந்த இடத்தில் பலர் வாயிலிருந்து வருவது, “அதைத்தான் சார் சொல்ல வந்தேன்.” சொல்பவருக்கு அது விளக்கம். கேட்பவர் காதில் அது மறுபேச்சு. அந்த ஒரு வாக்கியத்தை மட்டும் விட்டுவிடுங்கள். அவர் குறுக்கிட்டதும் பாதி வாக்கியத்திலேயே நிறுத்திவிட்டு, புதிய கேள்விக்கு நேராகப் போங்கள்:

“இன்னர் ஜாயின் ரெண்டு டேபிள்லயும் பொருந்துற வரிகளை மட்டும் தரும் சார். லெஃப்ட் ஜாயின் இடது டேபிள்ல இருக்கிற எல்லா வரியையும் தரும், வலது பக்கம் பொருத்தம் இல்லாத இடத்துல ‘நல்’ (NULL), அதாவது வெற்றிடம் வரும். ஸ்டூடன்ட் டேபிளை இடதுல வச்சு ஃபீஸ் டேபிளோட லெஃப்ட் ஜாயின் பண்ணா, ஃபீஸ் கட்டாதவங்க பேரும் வரும். இன்னர் ஜாயின்ல வராது.”

இருபது நொடிகூட ஆகாது. முதல் வாக்கியத்திலேயே பதில், அடுத்து வித்தியாசம், கடைசியில் ஒரு உதாரணம், பிறகு நிறுத்தம். முன்னுரை கிடையாது. கல்லூரித் தேர்வில் முன்னுரை எழுதினால் மதிப்பெண் கிடைக்கும். அந்தப் பழக்கம்தான் இங்கே காலை வாருகிறது.

தொழிற்சாலை வேலைக்கும் இதே முறைதான். ஒரகடம், அம்பத்தூர் பக்கம் டிப்ளமோ முடித்தவர்களைக் குவாலிட்டி பிரிவுக்கு எடுக்கும்போது, “வெர்னியர் காலிபர் லீஸ்ட் கவுண்ட் என்ன?” என்று பட்டென்று கேட்பார்கள். “0.02 மி.மீ. சார்” என்று எண்ணை முதலில் சொல்லுங்கள். பிறகு, “மெயின் ஸ்கேல்ல ஒரு பிரிவு 1 மி.மீ., வெர்னியர்ல 50 பிரிவு” என்று காரணம். எண்ணைக் கடைசியில் வைத்துக்கொண்டு சுற்றி வளைத்தால் அதற்குள் அடுத்த கேள்வி வந்துவிடும்.

வெட்டப்பட்ட பதிலில் உண்மையாகவே ஒரு முக்கியமான விஷயம் விட்டுப்போயிருந்தால்? புதிய கேள்விக்குப் பதில் சொல்லி முடித்த பிறகு, “முன்ன கேட்டதுல ஒரு பாயின்ட் விட்டுப்போச்சு, சொல்லலாமா சார்?” என்று கேளுங்கள். முழு இன்டர்வியூவிலும் ஒரு முறை, அதிகம் போனால் இரண்டு முறை.

“தப்பு” என்று அவர் அடித்துச் சொல்கிறார், ஆனால் நீங்கள் சொன்னது சரி என்று உங்களுக்குத் தெரியும். இது கொஞ்சம் சிக்கலான இடம். உடனே “ஆமா சார், தப்புதான்” என்று பல்டி அடிக்காதீர்கள். அழுத்தினால் மாறிவிடுகிறாரா என்று பார்க்கவே சிலர் அப்படிச் சொல்வார்கள். காரணத்தோடு ஒரே ஒரு முறை சொல்லுங்கள்: “எனக்குத் தெரிஞ்ச வரைக்கும் இப்படித்தான் சார், காரணம் இது. நீங்க சொல்ற கேஸ் வேற மாதிரி இருந்தா சொல்லுங்க, யோசிச்சுப் பார்க்கிறேன்.” அதற்குப் பிறகும் அவர் மறுத்தால், “சரி சார், வீட்டுக்குப் போய்ப் பார்க்கிறேன்” என்று நகர்ந்துவிடுங்கள். உண்மையாகவே தெரியாத கேள்விக்கு “தெரியலை சார்” போதும். பொறுமை இல்லாதவரிடம் சமாளிக்கப் பார்த்தால் இன்னும் மூன்று கேள்வி அதன் மேலேயே வந்து விழும்.

குத்தலான கேள்விகள்

அரியர், கேப் (படிப்புக்கும் வேலைக்கும் நடுவில் விழுந்த இடைவெளி), ஆங்கிலம், கல்லூரியின் பெயர். குத்துவதற்கு எளிதான இடங்கள் இவை நான்கும். எங்கே குத்துவார்கள் என்று உங்கள் ரெஸ்யூமேயைப் பார்த்தாலே உங்களுக்குத் தெரியும். முந்தின நாளே பதிலை எழுதி வைத்துவிடுங்கள்.

“இத்தனை அரியரா? என்ன பண்ணிட்டிருந்தீங்க காலேஜ்ல?” என்றால் கணக்கை மட்டும் சொல்லுங்கள்: “மூணாவது செமஸ்டர்ல எம்-3 மேத்ஸ் உட்பட ரெண்டு பேப்பர் சார். அஞ்சாவது செமஸ்டர்ல ரெண்டும் கிளியர். இப்ப ஸ்டாண்டிங் அரியர் எதுவும் இல்ல.” காய்ச்சல், குடும்பச் சூழ்நிலை எல்லாம் உண்மையாகவே இருக்கலாம். ஆனால் அந்தத் தொனியில் கேட்பவரிடம் அதைச் சொன்னால் சாக்காகத்தான் விழும். “ஏன்?” என்று தனியாகக் கேட்டால் ஒரு வாக்கியம்.

ப்ராஜெக்ட் வாங்கியதா என்ற கேள்விக்குக் கொதிக்க வேண்டாம். சில இடங்களில் அது நடக்கிறது, அதனால்தான் கேட்கிறார். “நாலு பேர் டீம் சார், லாகின் மாட்யூலும் ரிப்போர்ட் பகுதியும் நான் எழுதினேன். அதுல எதை வேணா கேளுங்க” என்று உங்கள் பங்கைச் சுட்டிக்காட்டுங்கள். மற்ற மூவர் செய்ததையும் சேர்த்து ‘நான் செய்தேன்’ என்று சொல்லிவிட்டால் அடுத்த கேள்வியிலேயே மாட்டிக்கொள்வீர்கள்.

ஆங்கிலத்தைக் கிண்டல் செய்தால் வெட்கம்தான் முதலில் வரும். தமிழ் வழியில் படித்தவர்களுக்கு அது எவ்வளவு ஆழமாகத் தைக்கும் என்பது தெரிந்ததே. அந்த நேரத்தில் பெரிய வாக்கியங்களை முயலாதீர்கள். எழுவாய், பயனிலை, முற்றுப்புள்ளி. “ஐ வில் எக்ஸ்ப்ளெயின் ஸ்லோலி, சார்” என்று சொல்லிவிட்டுச் சிறு சிறு வாக்கியமாகப் போங்கள். எதிரே இருப்பவர் தமிழர், வேலையும் மெஷின் அல்லது கோடிங் சார்ந்தது என்றால், “இந்தப் பகுதியைத் தமிழ்ல விளக்கலாமா?” என்று கேட்கலாம், பலர் ஒப்புக்கொள்வார்கள். ஆங்கில வாய்ஸ் ப்ராசஸுக்கு (போனில் ஆங்கிலத்தில் பேசும் வேலை) போயிருந்தால் அப்படிக் கேட்க முடியாது, அங்கே சோதிப்பதே அதைத்தான்.

சம்பளத்தில் அவசரப்படுத்துவது தனி ரகம். “சீக்கிரம் சொல்லுங்க, வெளிய நிறைய பேர் நிக்கிறாங்க, ஓகேவா இல்லையா?” அந்த அழுத்தத்தில் பாண்டுக்கும் (இத்தனை மாதம் வேலையை விட மாட்டேன் என்ற ஒப்பந்தம்) ஒரிஜினல் சான்றிதழ் கொடுப்பதற்கும் தலையாட்டிவிடாதீர்கள். “வேலையில விருப்பம் இருக்கு சார். ஆஃபர் லெட்டரைப் பார்த்துட்டு நாளைக்குள்ள சொல்றேன்” என்பது மரியாதையான, முழுமையான பதில். சி.டி.சி. (உங்களுக்காக நிறுவனம் ஓராண்டில் செய்யும் மொத்தச் செலவு) மூன்று லட்சம் என்றால் மாதம் 25,000 கைக்கு வரும் என்று கணக்குப் போட வேண்டாம், பி.எஃப். பங்கு, கிராஜுவிட்டி எல்லாம் பெரும்பாலும் அதற்குள்ளேயே அடங்கியிருக்கும். டேக் ஹோம் எவ்வளவு என்று தனியாகக் கேளுங்கள்.

பேசாமல் முறைத்தால், போனைப் பார்த்தால்

பதில் சொல்லி முடித்த பிறகும் அவர் ஒன்றும் சொல்லாமல் பார்த்துக்கொண்டே இருந்தால், அந்த மௌனத்தை நிரப்பப் போகாதீர்கள். கேட்காத பலவீனங்களை ஆட்கள் உளறுவது இந்த இடத்தில்தான். மனதுக்குள் ஐந்து வரை எண்ணிவிட்டு, “இது போதுமா சார், இன்னும் விளக்கணுமா?” என்று கேளுங்கள். போனில் மூழ்கிவிட்டால் “நீங்க முடிச்சுட்டுச் சொல்லுங்க சார், வெயிட் பண்றேன்” என்று இயல்பாகச் சொல்லி நிறுத்துங்கள். பேனலாக இருந்தால், கடுகடுப்பவர் கேட்டதற்கு அவரைப் பார்த்துத் தொடங்கி, முடிக்கும்போது மற்றவரையும் பாருங்கள்.

ஆன்லைனில் அவர் கேமராவை அணைத்து வைத்திருப்பார். முகம் தெரியாததால் எல்லாம் கோபமாகவே தோன்றும். குரல் வந்து சேரத் தாமதமாவதால் நீங்கள் குறுக்கிடுவதாக அவருக்கும் தோன்றலாம். அவர் முடித்ததும் ஒரு நொடி விட்டுப் பேசுங்கள்.

எல்லை மீறினால்

கடுமை வேறு, அவமதிப்பு வேறு. “ஊர் எது? ஊர்ல எந்தத் தெரு? அப்பா முழுப்பேர் என்ன?” என்று போகும் கேள்வி எதை மோப்பம் பிடிக்கிறது என்பது நம் ஊரில் எல்லோருக்கும் தெரியும். “திண்டுக்கல் பக்கம் சார்” என்பது போலப் பொதுவாகச் சொல்லிவிட்டு, “வேலை சம்பந்தமா வேற ஏதாவது தெரியணுமா சார்?” என்று திருப்புங்கள். பெண்களிடம் “எப்ப கல்யாணம்? அப்புறம் வேலைய விட்டுடுவீங்களா?” என்று கேட்டால், “இந்த வேலைக்கான ஷிஃப்ட், இடம் ரெண்டும் எனக்குச் சரியா வரும் சார்” என்று வேலையை மட்டும் தொட்டுப் பதில் சொன்னால் போதும். தேதி, திட்டம் எதையும் நீங்கள் சொல்ல வேண்டியதில்லை.

வசை, சாதிப் பேச்சு, உடலைப் பற்றிய பேச்சு, தொடுகை இவற்றில் எது வந்தாலும் அங்கே இன்டர்வியூ முடிந்துவிட்டது. “இதோட முடிச்சுக்கலாம் சார்” என்று ஃபைலை எடுத்துக்கொண்டு எழுந்து வெளியே வாருங்கள். ரெஸ்யூமே பிரதி மேசையில் கிடந்தால் கிடக்கட்டும். வந்த உடனே, அன்றைக்கே, தேதி, நேரம், அறை, இருந்தவர்கள், சொன்ன சொற்கள் எல்லாவற்றையும் அப்படியே எழுதி வையுங்கள். இரண்டு நாள் போனால் சொற்கள் மங்கிவிடும்.

பாலியல் சீண்டல் என்றால், அங்கே வேலைக்குச் சேராதவரும் புகார் தரலாம். 2013-ஆம் ஆண்டுப் பணியிடப் பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டம், பணியிடத்தில் பாதிக்கப்பட்ட பெண் அங்கே வேலை பார்ப்பவராக இருந்தாலும் இல்லாவிட்டாலும் காப்பு தருகிறது. பத்துப் பேர் அல்லது அதற்கு மேல் வேலை பார்க்கும் நிறுவனத்தில் உள்ளகப் புகார்க் குழு இருக்க வேண்டும். இல்லாத இடங்களுக்கு மாவட்ட அளவில் உள்ளூர்க் குழு. நடந்த நாளிலிருந்து மூன்று மாதத்துக்குள் எழுத்தில் புகார் கொடுக்க வேண்டும்; தக்க காரணம் இருந்தால் மேலும் மூன்று மாதம் வரை குழு நீட்டிக்கலாம். மத்திய அரசின் ஷீ-பாக்ஸ் தளத்திலும் பதியலாம். உடனடி உதவிக்குப் பெண்கள் உதவி எண் 181. ஹோட்டல் அறைக்கு இன்டர்வியூவுக்கு வரச் சொன்னால் வரவேற்புக் கூடத்தில் சந்திக்கலாமா என்று கேளுங்கள். மறுத்தால் போக வேண்டாம்.

முடிக்கும்போதும் அதற்குப் பிறகும்

எவ்வளவு கசப்பாகப் போயிருந்தாலும், எல்லை மீறாதவரை, எழுந்திருக்கும்போது நன்றி சொல்லிவிட்டு வாருங்கள். வெளியே காத்திருப்பவர்களிடம் அங்கேயே புலம்பாதீர்கள். வரவேற்பறையில் நிறுவனத்தின் ஆட்களும் இருப்பார்கள். முகம் கடுகடுத்ததாலேயே தோற்றுவிட்டோம் என்று முடிவு கட்டவும் வேண்டாம். கேள்விகள் ஆழமாகப் போய்க்கொண்டே இருந்தால் அவர் உங்களை இன்னும் கழித்துவிடவில்லை என்றே வைத்துக்கொள்ளலாம்.

பஸ்ஸில் திரும்பும்போதே கேட்ட கேள்விகளை எழுதிவிடுங்கள். பதில் தெரியாதவற்றை அன்று இரவே பாருங்கள். அடுத்த ரவுண்டில் அதே கேள்வி வருவது உண்டு.

இன்னொரு விஷயத்தை உள்ளே இருக்கும்போதே கேட்டுவிட வேண்டும். “ஏதாவது கேட்கணுமா?” என்று அவர் சொல்லும்போது, “இந்த ரோல்ல நான் யார்கிட்ட ரிப்போர்ட் பண்ணணும் சார்?” என்று கேளுங்கள். வேறொருவர் பெயர் வந்தால் இன்று பார்த்த முகத்தை நீங்கள் தினமும் பார்க்க வேண்டியிருக்காது. “என்கிட்டதான்” என்று வந்தால், ஆஃபர் கையில் கிடைத்ததும் கையெழுத்துப் போடுவதற்கு முன், அந்த டீமில் வேலை பார்க்கும் சீனியர் யாரையாவது கல்லூரி வாட்ஸ்அப் குழுவிலோ லிங்க்ட்இன்னிலோ தேடிப் பிடித்து, ஒரு தப்பு நடந்தால் அவர் டீமிடம் எப்படிப் பேசுவார் என்று விசாரியுங்கள். அந்தப் பதிலையும், லெட்டரில் பாண்ட் எத்தனை மாதம் என்று போட்டிருக்கிறது என்பதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.